ஓதுவோரைத் தாங்கிய ஊர்

நம் அரபி மதரஸாக்களில் நஹ்வு எனும் இலக்கணக் கலையைத் தொடங்கும் பிள்ளைகள் ஓதிவரும் சிறு கிதாபுகளில் ஒன்று ‘ஆஜுரூமிய்யா’. நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ஸலவாத்துத் தொகுப்பு ‘தலாயிலுல் கைராத்’. 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானின் ஆட்சியை நேரில் கண்டவர் விட்டுச் சென்ற சான்று வேண்டுமெனில், நாம் புரட்ட வேண்டியது இப்னு பதூதாவின் பயண நூல். இலக்கணம், வழிபாடு, வரலாறு என வெவ்வேறு துறைகளைச் சார்ந்த இம்மூன்று நூல்களுக்கும் ஓர் உறவு உண்டு. இம்மூன்றும் ஒரே ஊரோடு பிணைந்தவை. அவ்வூர் மொரோக்கோ நாட்டின் ஃபாஸ் நகரம்.

ஆஜுரூமிய்யாவை இயற்றிய இப்னு ஆஜுரூம் (ரஹ்) 1273இல் அந்நகரிலே பிறந்து 1323இல் அங்கேயே மறைந்தவர். தலாயிலுல் கைராத்தைத் தொகுத்த இமாம் ஜஸூலி (ரஹ்) 15ஆம் நூற்றாண்டில் அங்கே மாணவராகத் தங்கியிருந்தவர். ஸஃப்பாரீன் மதரஸாவிலே அவர் வாழ்ந்த அறை இதுதான் என்று காட்டும் மரபு அவ்வூரில் உண்டு. உலகைச் சுற்றித் திரும்பிய இப்னு பதூதா தம் அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் அவற்றை நூலாக்கி முடித்தது 1355இல், அதே நகரில்தான்.

ஒரே ஊரிலிருந்து இத்தனை நூல்கள் எவ்வாறு புறப்பட்டன? வரலாற்று நூல்கள் மன்னர்களின் பெயர்களை விடையாகத் தரும். மன்னர்களின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓர் ஏழை மாணவன் மலைநாட்டிலிருந்து நடந்து வந்து பத்தாண்டுகள் ஓதினான் என்றால், அந்தப் பத்தாண்டுகளும் அவன் எதை உண்டான், எங்கே உறங்கினான், எந்த விளக்கொளியில் படித்தான்? இவற்றைக் கேட்டால்தான் உண்மையான விடை கிடைக்கும்.

ஃபாஸ் ஆற்றின் ஒரு கரையில் முதலாம் இத்ரீஸ் 789இல் குடியேற்றம் கண்டார். அவருடைய மைந்தர் இரண்டாம் இத்ரீஸ் 809 அளவில் மறுகரையில் தம் நகரை எழுப்பினார். 818இல் குர்துபாவில் நிகழ்ந்த கலகத்திற்குப்பின் நாடு கடத்தப்பட்ட ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் ஒரு கரையில் குடியேறினர். துனீசியாவின் கைரவான் நகரத்தார் மறுகரையில் அமர்ந்தனர். ஆக, தொடக்கத்திலேயே அது வந்தேறிகளின் ஊர். அகதியாய் வந்தவர்கள் வாழ்ந்த ஊருக்கு, பின்னாளில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த மாணவன் அந்நியனாகத் தோன்றவில்லை.

கைரவானிலிருந்து வந்த குடும்பமொன்றின் செல்வியான ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரிய்யா, தந்தை விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு 859இல் (ஹிஜ்ரி 245) கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டினார் என்றும், அவருடைய சகோதரி மர்யம் மறுகரையில் அந்தலுஸ் பள்ளியைக் கட்டினார் என்றும் 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ ஸர்உ எழுதுகிறார். இத்ரீஸ் மரபினரான தாவூதின் பெயரும் ஹிஜ்ரி 263ஆம் ஆண்டும் பொறித்த மரக் கல்வெட்டொன்று பிற்காலத் திருப்பணியின்போது கிடைத்திருப்பதால், ஆய்வாளர்கள் இச்செய்தியைப் பற்றி இன்றும் விவாதிக்கின்றனர். எனினும் அந்த ஊர் மக்கள் தம் பெருங்கல்விக்கூடத்தின் தொடக்கத்தை ஒரு பெண்ணின் வாரிசுச் சொத்தில் கண்டார்கள் என்பதே எண்ணத்தக்கது.

இனி, ஊரின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். ஃபாஸின் பழைய நகரில் வண்டி போக இயலாத சந்துகளே மிகுதி. சுமை ஏற்றிய கழுதைக்கு வழிவிட மனிதர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவுக்கும் பள்ளிவாசல், குர்ஆன் பாடசாலை, நீர்த்துறை, ஹம்மாம் எனும் பொதுக் குளியலகம், ரொட்டி சுடும் பொது அடுப்பு ஆகிய ஐந்தும் அமைவது வழக்கம். ஆற்று நீரைக் கால்வாய்களாகப் பிரித்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் கொண்டு சென்றனர். வீட்டுப் பெண்கள் மாவைப் பிசைந்து, பலகையில் அடுக்கி, தத்தம் வீட்டு அடையாளத்தை இட்டு, பிள்ளைகள் கையில் அடுப்புக்கு அனுப்புவர். யார் வீட்டு ரொட்டி எது என்று அடுப்புக்காரர் பிசகாமல் அறிவார். இந்த வழக்கம் அங்கே இன்றும் அற்றுப் போகவில்லை.

கரவிய்யீனைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களோ கல்வியின் துணைத் தொழில்களால் நிறைந்தவை. ஒருபுறம் செம்புப் பாத்திரம் தட்டும் கன்னார்களின் ஓசை. மறுபுறம் வாசனைச் சரக்குக் கடைகள். அருகில் கிதாபு விற்போரும், பத்திரம் எழுதிச் சாட்சியமிடும் ‘உதூல்’ என்போரும் இருந்தனர். ஆற்றோரத்துத் தொட்டிகளில் பதனிட்ட தோல், கிதாபுகளுக்கு அட்டையானது. தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து செல்லும் அந்தத் தோல் தொட்டிகளுக்கும், பள்ளிக்குள் மணக்கும் கிதாபுகளுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் மரீனிய சுல்தான்கள் மதரஸாக்களை வரிசையாக எழுப்பினர். 1271இல் ஸஃப்பாரீன், 1323இல் தொடங்கிய அத்தாரீன், 1350க்கும் 1355க்கும் இடையே பூஇனானிய்யா. பெயர் மதரஸாவாயினும் இவற்றில் பெரும்பாலானவை வெளியூர் மாணவர் தங்கும் விடுதிகளே. பாடங்கள் பெரிதும் கரவிய்யீனில் நடந்தன. இக்கட்டடங்களின் பூவேலைகளைக் கண்டு உலகம் வியக்கிறது. ஆனால் மார்க்கக் கல்வி கற்றவன் கண், சுவரில் பதித்த பளிங்குக் கல்லின் மீது செல்லும். இன்னின்ன கடைகள், இன்னின்ன வீடுகள், ஹம்மாம்கள், மாவாலைகள் ஆகியவற்றின் வருவாய் இம்மதரஸாவுக்கு வக்ஃபு என்ற பட்டியலை அக்கல் தாங்கி நிற்கிறது. கட்டடம் மன்னனுடையது, அதை உயிரோடு வைத்திருந்ததோ கடைத்தெருவின் வாடகை.

பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், அங்கு தங்கிய மாணவனுக்கு நாள்தோறும் ஒரு ரொட்டி வக்ஃபிலிருந்து கிடைத்து வந்தது. ஒன்றே ஒன்று; வேறு கறி கிடையாது. மற்றதை அவன் மரணவீட்டில் குர்ஆன் ஓதியோ, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோ, ஊரார் அன்பாலோ தேடிக்கொண்டான். அறையின் சாவியைப் புறப்படும் மாணவனிடமிருந்து புதிய மாணவன் விலை கொடுத்து வாங்கும் விந்தையான வழக்கமும் இருந்தது. வக்ஃபுச் சொத்தை விற்க முடியாது என்று ஓதியவர்களே, குடியிருக்கும் உரிமையை இவ்வாறு கைமாற்றிக்கொண்டனர்!

பள்ளிக்குள் ஆசிரியருக்குரிய ‘குர்ஸி’ எனும் உயர்ந்த இருக்கைகளுக்கும் தனித்தனி வக்ஃபுகள் இருந்தன. இந்த இருக்கையில், இன்ன நேரத்தில், இன்ன கிதாபு நடத்தப்பட வேண்டும் என்று கொடையாளர் வகுத்து வைத்தார். வணிகர் ஒருவர் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் தூணோரம் அமர்ந்து பாடம் கேட்கத் தடையேதும் இல்லை. வரலாற்று மேதை இப்னு கல்தூன் தம் ‘கிதாபுல் இபர்’ நூலின் படியொன்றைக் கரவிய்யீன் நூலகத்திற்கு வக்ஃபு செய்தார். நம்பிக்கையானவருக்கு மட்டுமே, ஈடு பெற்றுக்கொண்டு, அதிகமாக இரண்டு மாதங்களுக்கு இரவல் தரலாம் என்பது அவர் இட்ட நிபந்தனை. கிதாபு இரவல் கொடுத்து ஏமாந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள் போலும்.

ஊரின் பரிவு மாணவரோடு நிற்கவில்லை. 1286இல் எழுந்த மருத்துவமனைக்கும் வக்ஃபுகள் இருந்தன. உறக்கமின்றித் தவிக்கும் நோயாளிக்குத் துணையாக, இரவின் பிற்பகுதியில் மினாராவில் மாறி மாறி நின்று இனிய குரலில் திக்ரும் பைத்தும் ஓதுவதற்கென்றே முஅத்தின்களை அமர்த்திய வக்ஃபும் அங்கே இருந்தது. நோயாளியின் அருகே அமர ஆளில்லாத இரவிலும் ஒரு மனிதக் குரல் அவன் காதில் விழவேண்டும் என்று எண்ணிச் சொத்தை எழுதி வைத்தவர் எத்தகைய உள்ளம் படைத்தவராக இருந்திருப்பார்!

ஓதும் பிள்ளைகள் எந்நேரமும் கிதாபில் மூழ்கிய துறவிகள் என்று எண்ணிவிடலாகாது. ஆண்டுதோறும் இளவேனிலில் ‘சுல்தானுத் துல்பா’, அதாவது மாணவர்களின் மன்னர் என்னும் விழா நடந்தது. 1666இல் நகரைக் கைக்கொண்டு 1672இல் மறைந்த மௌலாய் ரஷீத் காலத்தில் இது தொடங்கியது என்பது மரபு. மன்னர் பதவி மாணவர்களிடையே ஏலம் விடப்படும். ஏலம் எடுத்தவன் குடை பிடிக்க, குதிரையேறி, அமைச்சர்களும் அங்காடி அதிகாரியும் சூழ நகர்வலம் வருவான். வணிகர்களிடம் விளையாட்டாகவே வரி தண்டுவார்கள். பின்னர் ஆற்றங்கரையில் கூடாரமிட்டு ஒருவாரம் போல் தங்குவார்கள். உணவு வகைகளைப் புகழ்ந்து குத்பா போன்ற ஒரு நகைச்சுவை உரையும் நிகழும். மெய்யான சுல்தான் அன்பளிப்புகள் அனுப்பி, தாமும் வந்து மாணவ மன்னனைச் சந்திப்பார். அப்போது அவன் ஒரு வரம் கேட்கலாம். சிறையிலிருக்கும் உறவினரை விடுவிக்கவேண்டும் என்றோ, குடும்பத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றோ கேட்பதற்காகவே சிலர் அப்பதவியை விலைக்கு வாங்கினர். நாளொன்றுக்கு ஒரு ரொட்டியில் வாழ்ந்தவன், ஆண்டில் ஒருவாரம் அரசனுக்கு எதிரே அரசனாக நின்றான். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவனோடு சேர்ந்தும் சிரித்தது. 20ஆம் நூற்றாண்டில் அவ்விழா மங்கி மறைந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் என்றும் அசையாதிருந்தனவா? இல்லை. ஃபாஸில் வளர்ந்து, மாணவராயிருந்தபோது மருத்துவமனையில் ஈராண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய அல்-ஹஸன் அல்-வஸ்ஸான், பின்னர் கடற்கொள்ளையரிடம் சிக்கி ரோமாபுரி சேர்ந்து, 1526இல் தம் நாட்டைப் பற்றிய நூலை முடித்தார். முற்காலத்தில் மாணவருக்கு ஏழாண்டுகள் வரை உணவும் உடையும் கிடைத்தன என்றும், உள்நாட்டுப் போரில் வக்ஃபுத் தோட்டங்களும் நிலங்களும் அழிந்தபின் அறை மட்டுமே மிஞ்சியது என்றும் அதில் அவர் வருந்துகிறார். மருத்துவமனைச் சொத்துக்களைப் போர்ச் செலவுக்கென விற்ற மன்னர், திருப்பித் தருமுன்னே இறந்துபோனதையும் பதிவு செய்கிறார். கவனியுங்கள்: அப்போது மதரஸாக்களின் சுவர்கள் இடியவில்லை, பூவேலைகள் உதிரவில்லை, பளிங்குப் பட்டியலும் அப்படியே இருந்தது. பட்டியலில் கண்ட சொத்துத்தான் இல்லை.

பின்வந்த தலைமுறைகள் மீண்டும் வக்ஃபுகளைச் சேர்த்தன. 1670இல் ஷர்ராத்தீன் மதரஸா எழுந்தது. ரொட்டியும் திரும்பி வந்தது. 1912இல் அந்நகரிலேயே கையெழுத்தான உடன்படிக்கையால் நாடு பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்தபின், வக்ஃபு நிர்வாகம் புதிய ஆட்சியமைப்பின் கண்காணிப்புக்குள் சென்றது. 1956இல் விடுதலை கிடைத்தது. பழைய வணிகக் குடும்பங்கள் பல காஸாபிளாங்கா போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. 1963இல் கரவிய்யீன் அரசுப் பல்கலைக்கழகமாயிற்று. 1981இல் பழைய நகர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மதரஸாக்கள் சில இன்று பயணிகள் கட்டணம் செலுத்திக் காணும் காட்சியிடங்கள். கட்டடத்தைக் காப்பது நற்செயலே. ஆயினும் அறைகளில் ஓதும் குரல் நின்றபின் காக்கப்படுவது கூடு மட்டுமே.

நம் ஊர்களிலும் ஓதும் பிள்ளைகளுக்கு வீடுகள் சோறு அளித்ததுண்டு. பள்ளிக்கும் மதரஸாவுக்கும் வயலையும் கடையையும் எழுதி வைத்த மூத்தோர் உண்டு. மினாராவை உயர்த்துவதிலும் பளிங்கு பதிப்பதிலும் நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும், அந்தப் பழைய வக்ஃபுகளின் பத்திரங்கள் எங்கே, எல்லைகள் எவை, வாடகை முறையாக வருகிறதா என்று விசாரிப்பதில் காட்டுகின்றோமா? ஃபாஸ் நகரின் வரலாறு நம்மிடம் கேட்பது இக்கேள்வியையே. ஓர் ஊர் தன் மாணவனுக்குத் தரும் ரொட்டி சிறிதாக இருக்கலாம். அது நாளைக்கும் வரும் என்ற உறுதிதான் அவனை அடுத்த பாடத்திற்கு அமரச் செய்கிறது.