பின்தொடரும் நாயும் ‘பக்த’ என்னும் சொல்லும்

அடுக்களைக்குப் போனால் அடுக்களை, கூடத்திற்கு வந்தால் கூடம் என வளர்த்தவரின் காலடியிலேயே நடக்கும் நாயை ‘விசுவாசம்’ என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். பழைய சான்றுகள் வேறொன்றையும் உடன் வைக்கின்றன: சோறு.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில், பாண்டவர் ஐவரும் திரௌபதியும் அத்தினாபுரம் நீங்கும்போது ஏழாவதாக ஒரு நாய் சேர்ந்துகொள்கிறது. மற்றவர் யாவரும் வழியில் வீழ்ந்த பின்னும் அது தருமனின் பின்னே நடக்கிறது. நாய்க்கு விண்ணுலகில் இடமில்லை என்கிறான் இந்திரன்; தருமன் அதைக் கைவிட இசைவதில்லை. அங்கே நாய்க்கு அவன் ஆளும் சொல் ‘பக்த’. (இறுதியில் அது தருமதேவதையாக மாறிவிடுவதில், நாய் என்ற அளவில் அதற்கு இழப்பே.)

‘பஜ்’ என்னும் வேருக்குப் பங்கிடுதல் என்பது பொருள். ‘பக்த’ என்றால் பங்கிடப்பட்டது, அதன்வழி, உணவு. இந்தியிலும் வங்காளத்திலும் சோற்றைக் குறிக்கும் ‘பாத்’ இதிலிருந்து வந்ததே. அன்புடையவன், சோறு ஆகிய இரு பொருளும் ஒரே வடிவில் நிற்கின்றன. மனிதர் உண்டு எஞ்சியதை நாடி வந்த ஓநாய்களே படிப்படியாக நாயாயின என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. சொற்பிறப்பு அதற்குச் சான்றாகாது. ஆயினும், பங்கையும் பற்றையும் எதிரெதிராக நிறுத்தும் இன்றைய பழக்கத்தை அது ஐயுற வைக்கிறது.

காவியம் பெயரிடாத நாய்க்குக் கல்வெட்டு பெயரிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கள்வர் இருவரைக் கடித்துக் காத்த ‘கோவிவன்’ என்னும் நாயைக் குறிக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு (பொ.ஆ. 949–50) இன்னும் விரிவானது. தக்கோலப் போரில் காட்டிய வீரத்துக்காக, வேண்டியதைக் கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். அவனைப் பின்பற்றி வாழ்ந்த மணலேரன் ‘காளி’ என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர்ப் பெரும் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது காளியும் பன்றியும் ஒருங்கே மாண்டன. மணலேரன் ஆதகூர்ச் சிவன் கோயில் முன் கல் நாட்டி நிலமும் அளித்தான். அந்நிலத்தை நிருவகிக்கும் பூசாரி, கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் பாவம் சேரும் என்று கல்வெட்டு எச்சரிக்கிறது.