சிப்ஸ் பாக்கெட் உங்களிடம் என்ன சொல்லுது?

பள்ளி முடிந்து புளோக்கின் கீழே இருக்கும் கடைக்குப் போறீங்க. கையில் இரண்டு வெள்ளி. எதை எடுக்கலாம் என்று ரொம்ப நேரம் யோசிப்பதில்லை. அந்தச் சில விநாடிகளில் பேசுவது பாக்கெட்தான்.

பளபளக்கும் சிவப்பு என்றால் காரம். மஞ்சள் என்றால் சீஸ். மங்கலான பழுப்பு நிறமும் தானியக் கதிர் படமும் இருந்தால் 'உடம்புக்கு நல்லது' என்று மனசு தானாகவே முடிவு செய்துவிடும். இரண்டிலும் உப்பு கிட்டத்தட்ட ஒரே அளவாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லும் எழுத்து பின்பக்கம், பொடிப்பொடியாக.

அங்கேயும் ஒரு விஷயம் கவனிக்கணும். பாக்கெட் 60 கிராம், 'ஒரு பரிமாறல்' 30 கிராம் என்று போட்டிருந்தால், முதல் வரிசையில் உள்ள எண்களை இரண்டால் பெருக்க வேண்டும். பாதியில் மூடி வைப்பவர் யார்?

பானங்களுக்கு நிலைமை வேற. 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் C, D தரப் பானங்களின் முன்பக்கத்தில் 'நியூட்ரி-கிரேட்' முத்திரை கட்டாயம். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் D. அப்படிப்பட்ட 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் ஆறு தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை! D தரப் பானங்களை விளம்பரப்படுத்தவும் தடை உண்டு. பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 2017இல் 7.1 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. முத்திரையைப் பார்த்து மாறியது வாங்குபவர் மட்டுமல்ல, தயாரிப்பாளரும்தான்.

சிலி நாடு இன்னும் கடுமை. 2016 முதல் சர்க்கரையோ உப்போ அதிகமுள்ள உணவுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கணும். கார்ட்டூன் பாத்திரங்கள் இருக்கக்கூடாது. சோளச் செதில் பெட்டியிலிருந்து டோனி புலியே காணாமல் போனது.

பதின்ம வயதினரிடம் 'இது உடம்புக்குக் கெடுதல்' என்றால் எடுபடுமா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஆய்வாளர்கள் வேறு மாதிரி முயன்றார்கள். உணவு நிறுவனங்கள் தங்களை எப்படி வலைக்குள் இழுக்கின்றன என்பதை ஒரு பிரிவினர் படித்தார்கள். வழக்கமான சுகாதாரப் பாடம் இன்னொரு பிரிவுக்கு. மறுநாள் ஆரோக்கியமான தின்பண்டங்களை அதிகம் தேர்ந்தெடுத்தது முதல் பிரிவு. 2016இல் வெளியான முடிவு இது. ஏமாற மாட்டேன் என்ற ரோஷம் வேலை செய்திருக்கு!

2027 நடுப்பகுதியில் நியூட்ரி-கிரேட் உடனடி நூடல்ஸ், சாஸ், உப்பு, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கும் வருகிறது. சிப்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதுக்கு இப்போதைக்குப் பின்பக்க அட்டவணைதான்.