கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்

மலர்க் குழுத் தம்பிகள் வந்து, "அண்ணே, இந்த வருஷம் நீங்களும் ஒரு கட்டுரை தரணும், சரித்திரமா இருந்தா நல்லது" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் சரித்திரப் பேராசிரியர் அல்ல. நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் சரி என்று சொன்னேன். அதற்குக் காரணம், போன வருஷம் நமது சந்திப்பு நாளன்று ஒரு மாணவி கேட்ட கேள்வி.

அன்று என்.சி.சி. மாணவர்கள் வராந்தாவில் ஒரு படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் படங்கள். அதில் மேஜர் ராமசாமி பரமேசுவரன் படத்தின் முன்னால் நின்று, பெருமையோடு நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தி அருகில் வந்தாள். "சார், இதுல கந்தரோடைன்னு போட்டிருக்கு. அது எங்க அம்மம்மாவோட ஊர். இவரை அங்க யார் அனுப்புனாங்க? எதுக்கு அனுப்புனாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அப்புறம் சொல்றேம்மா" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த 'அப்புறம்' தான் இந்தக் கட்டுரை.

பரமேசுவரன் பிறந்தது 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 13. ஊர் பம்பாய். தமிழ்க் குடும்பம். பிழைப்புக்காகப் பம்பாய் போய் மாதுங்கா, சயான் பக்கம் வேரூன்றிய தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக வளர்த்த கல்வி நிறுவனம் தென்னிந்தியக் கல்விச் சங்கம். அதன் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து, 1968-இல் அறிவியல் பட்டம் பெற்றார். நம்மில் பலரைப் போல அவரும் ஒரு சாதாரண பி.எஸ்ஸி. பட்டதாரிதான் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1971-இல் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1988-லிருந்து அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி என்று அழைக்கப்படுகிறது. நம்ம ஊர் மின்சார ரயிலில் ஏறி, ஒரு வண்டி மாறினால் போய்ச் சேர்ந்துவிடும் இடம். 1972 ஜூன் 16 அன்று பயிற்சி முடித்து, மகார் ரெஜிமெண்டின் 15-ஆவது பட்டாலியனில் அதிகாரியானார்.

மகார் ரெஜிமெண்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மராட்டிய நாட்டின் மகார் சமூகத்தினர் வெள்ளைக்காரன் காலத்துப் பம்பாய்ப் படையில் நெடுங்காலம் சேவை செய்தவர்கள். டாக்டர் அம்பேத்கரின் தந்தையும் படையில் சுபேதாராக இருந்தவரே. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், 'இவர்கள் போர்க்குடி அல்ல' என்று சொல்லி ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் தோற்றுவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்த கலப்புப் படையாக அது வளர்ந்தது. 1987-இல் இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் கே. சுந்தர்ஜியும் இதே ரெஜிமெண்டில் அதிகாரி வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் பிறந்தது செங்கல்பட்டில். 1997 வரை நம் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தானே இருந்தது!

பரமேசுவரனை அவருடைய சிப்பாய்கள் பிரியத்தோடு 'பாரி சாகிப்' என்று கூப்பிடுவார்களாம். 15-ஆவது பட்டாலியனில் எட்டு ஆண்டுகள் இருந்தார். பிறகு 5-ஆவது பட்டாலியன். கடைசியாக 8-ஆவது பட்டாலியனோடு இலங்கை போனார்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். எதற்காக அனுப்பினார்கள்?

1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இந்திய விமானப்படை விமானங்கள் வானிலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அப்போது நான் கல்லூரி இறுதியாண்டை எட்டியிருந்த சமயம். ஆஸ்டலில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்டுக் கைதட்டினோம். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை இறங்கத் தொடங்கிற்று. போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு, சண்டை நிறுத்தத்தைக் காப்பதுதான் வேலை என்று சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். பரமேசுவரனின் பட்டாலியனும் ஆரம்பத்திலேயே போய்ச் சேர்ந்த படைகளில் ஒன்று.

இரண்டே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. செப்டம்பர் 26-இல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த விடுதலைப் புலிகள் 17 பேர் சயனைடு உட்கொண்டு, அவர்களில் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் மாண்டார்கள். அதன் பிறகு புலிகள் தாக்குதலில் இறங்க, காக்கப் போன படைக்குப் போரிட உத்தரவு வந்தது. அதற்கு 'ஆபரேஷன் பவன்' என்று பெயர்.

அக்டோபர் 11 நள்ளிரவு நடந்ததை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புலிகளின் தலைவர்களைப் பிடிப்பதற்காக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து 10-ஆவது பாரா கமாண்டோ படையின் வீரர்கள் நூறு பேருக்கு மேல் இறங்கினார்கள். பின்னாலேயே சீக்கிய இலகு காலாட்படையின் 13-ஆவது பட்டாலியன் இறங்க வேண்டும். ஆனால் புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தார்கள். குண்டுமழையில் ஹெலிகாப்டர்கள் திரும்பிவர முடியவில்லை. சீக்கியர் 30 பேர் மட்டும் இறங்கித் தனியே மாட்டிக்கொண்டார்கள். 29 பேர் மாண்டார்கள், ஒருவர் சிறைப்பட்டார். கமாண்டோக்கள் வீடுகளுக்குள் புகுந்து விடிய விடியப் போரிட்டார்கள். கண்ணிவெடிக்குப் பயந்து சாலையை விட்டுவிட்டு, ரயில் தண்டவாளத்தின் மேலேயே டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போய்த்தான் அவர்களை மீட்டார்கள். எவ்வளவு தேர்ந்த படையானாலும், சரியான தகவல் இல்லாமல் அனுப்பினால் கதி என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நம் படையினர் நுழைந்து சுட்டதில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை இன்றும் அந்த ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அந்தப் பெண்ணின் அம்மம்மாவுக்கு இந்தியப் படை என்றால் முதலில் எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னிடம் இருக்கும் ஞாபகம் அவரிடம் இருக்காது என்பது மட்டும் தெரியும்.

அக்டோபர் கடைசிக்குள் யாழ்ப்பாண நகரம் இந்தியப் படையின் கைக்கு வந்தது. புலிகள் கிராமங்களுக்கும் காடுகளுக்கும் நகர்ந்து, மறைந்திருந்து தாக்கும் முறைக்கு மாறினார்கள்.

கந்தரோடை, யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே சுன்னாகம் அருகில் உள்ள பழைய ஊர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கருப்பு சிவப்பு மட்பாண்டங்கள், நம் தமிழகத்து அகழாய்வுகளில் கிடைப்பவை போன்றவையே, அங்கும் கிடைத்திருக்கின்றன. சின்னச் சின்னக் கல் தூபிகளும் உண்டு. அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஆயுதங்கள் வந்திருப்பதாக 1987 நவம்பர் 24 அன்று தகவல் வந்தது. முதலில் ஒரு சிறு ரோந்துப் படை போயிற்று. அதன் மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததும் பரமேசுவரன் தாமே ஆட்களோடு கிளம்பினார். வீட்டைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டார்கள். எதுவும் அகப்படவில்லை.

நவம்பர் 25. திரும்பி வரும் வழியில், இருட்டில் பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் தரையோடு படுத்துக்கொண்டு பதிலுக்குச் சுடத்தான் யாருக்கும் தோன்றும். பரமேசுவரன் பதறவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் போய், பதுங்கியிருந்தவர்களின் பின்பக்கமாக வந்து பாய்ந்தார். அவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. கைகலப்பாயிற்று. ஒருவன் சுட்ட குண்டு அவர் மார்பில் பாய்ந்தது. அந்த நிலையிலும் அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். ரத்தம் வடிய வடிய, மூச்சு நிற்கும் வரை தம் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. அவருடைய ஆட்கள் அந்தப் பொறியிலிருந்து மீண்டார்கள். அவர் மீளவில்லை. வயது 41.

பரமேசுவரன் கமாண்டோ அல்ல, காலாட்படை அதிகாரி. ஆனால் கமாண்டோ பள்ளிகளில் எதைக் கற்றுக் கொடுக்கிறார்களோ, அதை அந்த இருட்டில் செய்து காட்டினார். 1988 குடியரசு நாளில் அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அமைதி காக்கும் படையில் இந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். மகார் ரெஜிமெண்டிலும் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? இரண்டரை வருஷத்துக்கு மேல் அந்தப் படை அங்கே இருந்தது. சுமார் 1,200 வீரர்கள் உயிரிழந்தார்கள். 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவும் திரிகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்த காலம் அது. அடுத்த வருஷம், 1991 மே 21 அன்று, திருவள்ளூருக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேசவும் பயம், இந்தப் பக்கம் பேசவும் பயம். முகாம்களில் இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீரர்களுக்கென்று ஒரு நினைவுச் சின்னத்தை இலங்கை அரசு கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் எழுப்பியது. இங்கே டில்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019-இல்தான் திறக்கப்பட்டது. அங்கே பரமேசுவரனின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. 2023 ஜனவரியில் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கும்மிடிப்பூண்டி முகாமோ முப்பது வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில் இருக்கிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். எங்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது பெயிண்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்வரும் முகாம் ஆட்களை எதிரே பார்ப்போம். "என்ன அண்ணை, வேலை முடிஞ்சுதா?" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது "1987-இல் நீங்க எங்கே இருந்தீங்க?" என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. அது என் குறை.

எனவே தங்கைக்கு என் பதில் இதுதான். அம்மா, அவரை அனுப்பியது நமது அரசு. தமிழர்களைக் காக்கத்தான் போகிறோம் என்று நம்பித்தான் போனவர்களில் பலர் போனார்கள். போன இடத்தில் நடந்தது வேறு. அந்தத் திட்டத்தை வகுத்தவர் பரமேசுவரன் அல்ல. அவர் கையில் இருந்தது ஒரு இரவு, கூட வந்த சிப்பாய்களின் உயிர். அதை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த வீரத்தை நான் வணங்குகிறேன். உன் அம்மம்மாவின் ஊர் பட்ட துயரத்தை அதற்காக மறைக்க மாட்டேன். இரண்டும் நடந்தவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிந்தால்தான் அது சரித்திரம்.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். என்.சி.சி. 'சி' சான்றிதழ் நல்ல தகுதியோடு பெற்றால், எழுத்துத் தேர்வு இல்லாமலே பரங்கிமலை அகாடமிக்கு நேர்முகத் தேர்வு வரை போக வழி இருக்கிறது; 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். விருப்பமுள்ளவர்கள் விடாதீர்கள். இரண்டாவது, அடுத்த நவம்பர் 25-இல் நம் கல்லூரியில் பரமேசுவரன் படத்துக்கு மாலை போடும்போது, முகாமிலிருந்து ஒரு பெரியவரையோ பாட்டியையோ அழைத்துவந்து, அவர்கள் விரும்பினால், அந்த வருஷத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்போம். செலவு ஒன்றும் இல்லை. நாற்காலியும் டீயும் போதும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.