மலைக் கிழங்கும் கடல் முத்தும்

தூத்துக்குடியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் முத்தை விட்டுவிட்டு ஒரு பூவைப் பற்றி எழுதலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். கொற்கை என்றால் முத்து, காயல் என்றால் முத்து என்றுதான் நமக்குப் பழக்கம். மார்க்கோ போலோ வந்து போன பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் அதே பேச்சுத்தான். ஆனால் இந்தக் கரையில் முத்துக்கு விலை பேசிய வெளிநாட்டார்தாம், நம்முடைய மலைச்சாரல் பூ ஒன்றையும் அதன் தமிழ்ப் பெயரோடு ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். முத்தின் கதை ஊரறிந்தது. பூவின் கதை அவ்வளவாகத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கதையோ என்று தோன்றும்.

அந்தப் பூ காந்தள். மண்ணுக்குள் கிழங்கு, மேலே மெல்லிய கொடி. வேறு கொடிகளைப் போல இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, அகப்பட்ட கொம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஆறு இதழ்கள், ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். பசுமையாக அரும்பி, மஞ்சளாகி, பிறகு நெருப்பாகச் சிவக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூப்பதனால் கார்த்திகைப் பூ என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இன்று இது தமிழ்நாட்டின் மாநில மலர்.

காந்தள் குறிஞ்சிக்கு உரியது என்பது பழைய மரபு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்லும்போது முதலில் வைப்பது செங்காந்தளைத்தான். தொல்காப்பியத்தில், முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டைச் சொல்லும் துறைக்கே காந்தள் என்று பெயர். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பது காந்தள் கண்ணி. அதுவும் வண்டு மொய்க்காத காந்தள். தெய்வத்துக்கு உரிய பூ ஆகையால் வண்டு நெருங்காது என்று நம் முன்னோர் பக்தியோடு விளக்கம் சொல்லி வந்தார்கள். தாவர நூலார் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். இந்தப் பூவில் மகரந்தப் பைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சூல்தண்டோ ஒரு பக்கமாக மடங்கி அவற்றிலிருந்து விலகிப் போகிறது. தேனுக்கு வரும் சிறு வண்டு ஒன்றிலும் படாமல் போய்விடலாம். விரிந்த இறகுள்ள வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டுமே இதற்குத் தோதான தூதர்கள். எப்படியானாலும், பழைய கவி பூவை உற்றுப் பார்த்திருக்கிறான் என்பதில் சந்தேகமில்லை.

அதே திருமுருகாற்றுப்படையில் மலைத் தெய்வமான முருகனுக்குக் கடற்கரையிலும் ஒரு வீடு சொல்லப்படுகிறது. திருச்சீரலைவாய், அதாவது நம் திருச்செந்தூர். மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவு இந்தச் சீமையில் புராணத்தோடு நின்றுவிடவில்லை. பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி கொற்கைப் பக்கமாக ஓடி வந்து, புன்னைக்காயலில் முத்துக்கடலோடு கலக்கிறது. காந்தளும் அப்படித்தான். மலைச்சாரலில் தழைக்கிற கொடி, கடலோர மணற்பாங்கான வேலிகளிலும் கிழங்கு விட்டு வளர்கிறது.

கிழங்கு என்றதும் கிண்டி எடுத்து வேகவைக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கொடிய விஷம் அது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் இலங்கையில் உண்டு. நம் கிராமங்களில், வாழ்க்கை வெறுத்த பெண்கள் வேலியோரம் தேடிப் போன கிழங்கும் இதுதான். அது கிளைத்திருக்கும் விதத்தைப் பார்த்துக் கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்தார்கள். வடமொழியிலும் லாங்கலி, கலப்பைக்காரி. கர்ப்பத்தைக் கலைப்பது என்று பொருள்படும் பெயர் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் நாட்டு வைத்தியர்கள் இதைக் கண்டு ஓடிவிடவில்லை. முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து கையாண்டார்கள். எந்த அளவில் விஷம், எந்த அளவில் மருந்து என்கிற அறிவு எத்தனை தலைமுறை அனுபவத்தில் சேர்ந்திருக்கும்!

இனி டச்சுக்காரர் கதைக்கு வருவோம். 1658-ல் அவர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். ஊர் கொழும்பில் இருந்த கும்பினி அரசாங்கத்தின் கீழ் வந்தது. முத்தும் சங்கும் துணியும் அவர்களுடைய கணக்கில் ஏறின. அந்தக் கும்பினியின் உத்தியோகஸ்தர்களில் ஒருவர் ஹென்றிக் வான் ரீடு. 1660களில் தூத்துக்குடிக் கரையிலும் மதுரைச் சீமையிலும் கும்பினி காரியமாக நடமாடியவர். பிறகு 1670 முதல் 1677 வரை மலையாளக் கரைக்குத் தலைவராக இருந்தார். கொச்சியில் இருந்தபோது அவர் தொடங்கிய பெருநூல்தான் ‘ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேறியது. அதன் ஏழாம் பாகத்தில், கிழங்கும் சுருள் இலையுமாக நம் காந்தள் படம் இருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் ‘மெந்தோனி’.

இது என்ன பெயர்? மலையாளத்தில் மேந்தோன்னி, தமிழில் மேந்தோன்றி. தோன்றி என்பது சங்க நூல்களில் வருகிற பூவின் பெயர். நிகண்டுகள் அதைச் செங்காந்தளோடு சேர்த்துச் சொல்லும். 1670களில் இலங்கையில் கும்பினி வைத்தியராக இருந்த பால் ஹெர்மன், பின்னால் லெய்டன் நகரில் பேராசிரியராகி 1687-ல் எழுதிய நூலில் இதை ‘மெத்தோனிகா’ என்று லத்தீனாக்கினார். மலைச்சாரலில் பிறந்த சொல் ஐரோப்பியப் பண்டிதர்களின் ஏட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் நிலைக்கவில்லை. 1753-ல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, ‘குளோரியோசா சூபர்பா’ என்று எழுதினார். புகழ் மிக்கது, பெருமிதம் கொண்டது என்று அர்த்தம். பெரிய கௌரவந்தான். தோன்றி மட்டும் மறைந்துவிட்டது.

அறிவைக் கொடுத்தவர்களுடைய பெயராவது நிற்கிறதா? ரீடின் நூலில் ஓரளவு நிற்கிறது. இட்டி அச்சுதன் என்கிற ஈழவ வைத்தியர், செடிகளின் பெயரும் குணமும் தாம் சொன்னவை என்று 1675-ல் எழுதிக் கொடுத்த சான்று முதல் பாகத்திலேயே அச்சாகியிருக்கிறது. அந்தக் காலத்துக்கு இது அபூர்வமான நேர்மை. முத்துக்குளித்துறையில் இந்த நேர்மைக்கு வழி இல்லை. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய், மூச்சடக்கிச் சிப்பி அள்ளி வந்த பரதவர் ஒருவர் பெயரும் எந்த மகாராணியின் கழுத்து மாலையோடும் சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. சுறாவுக்குப் பயந்து மந்திரம் ஓதுவித்து இறங்கியவர் கைக்கு வந்தது சிப்பியில் ஒரு பங்கு. முத்தின் விலை கரையிலிருந்து தூரம் போகப் போக ஏறியது.

காந்தளின் விலை ஏறியதற்குக் காரணம் வேறொரு செடி. ஐரோப்பிய மலைப் புல்வெளிகளில் கோல்ச்சிக்கம் என்று ஒரு கிழங்குப் பூ உண்டு; காந்தளுக்கு ஒரே குடும்பத்து உறவு. கால் பெருவிரலில் வந்து உயிரை வாங்குகிற கவுட் என்னும் வாத நோய்க்கு ஆறாம் நூற்றாண்டு வைத்தியர்களே அந்த இனத்துக் கிழங்கைக் கொடுத்தார்கள். 1820-ல் பெல்லத்தியே, கவந்து என்கிற இரண்டு பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு கொயினாவைப் பிரித்தவர்களும் இவர்களே. அந்தச் சாரத்துக்குப் பின்னால் கோல்ச்சிசின் என்று பெயர் வந்தது. 1937-ல் இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று தெரிந்தது. புதிய பயிர் இனங்களை உண்டாக்குகிறவர்களுக்குப் பெரிய கருவி கிடைத்தது. 2023-ல் அமெரிக்க அரசாங்கம் சிறு அளவில் இதை இருதய நோய்க்கும் அனுமதித்தது. நம் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இதே கோல்ச்சிசின் இருக்கிறது. வேலியோரத்து விஷத்துக்கு வெளிநாட்டில் விலை வந்த கதை இதுதான்.

விலை வந்ததும் காட்டைக் கிண்டினார்கள். காந்தளின் கிழங்கில் முளைக்கும் கண் நுனியில்தான் இருக்கும். நுனி முறிந்தால் கிழங்கு முழுசாக இருந்தாலும் முளைக்காது. மண்வெட்டியோடு அவசரமாகப் போகிறவனுக்கு இந்த நுட்பம் எதற்கு? சாரல்களில் கொடி அருகிப் போயிற்று. கடலிலும் இப்படி ஒரு வெறுமை வந்தது. முத்துப்பார்கள் என்றைக்குமே மனிதனோடு கண்ணாமூச்சி ஆடுபவைதான். பல வருஷம் வெறுமையாகக் கிடந்து திடீரென்று நிறையும். 1955 முதல் தூத்துக்குடியில் குளிப்பு நடந்தது. 1961-ல் நடந்ததோடு சரி. அதற்குப் பிறகு குளிப்பே இல்லை.

ஆனால் மனிதன் இரண்டையும் வளர்க்கக் கற்றுக்கொண்டான். 1973-ல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி, சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டினார். காந்தளும் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் வயலுக்கு வந்துவிட்டது. ஆடி, ஆவணியில் நடுகிறார்கள். கொடிக்குப் பந்தல் போடுகிறார்கள். பிறகு காலை வேளையில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, மகரந்தத்தைக் கையாலேயே சூல்முடியில் சேர்க்கிறார்கள். முருகன் கண்ணியில் வண்டு செய்யாத வேலையைக் கொங்கு நாட்டுப் பெண்களின் விரல்கள் செய்கின்றன. தை, மாசியில் காய் உலர்ந்து வெடித்தால் உள்ளே செம்மணிகளாக விதை. அதுவும் கடல் கடந்துதான் போகிறது.

விதையின் விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் சரியும். விலையைச் சொல்லுகிறவர் வாங்குகிறவர்; பயிரிட்டவர் அதைக் கேட்டுக்கொள்ளுகிறவர். விதை ஒரு விலை, அதிலிருந்து எடுத்த சாரம் வேறு விலை, மாத்திரையானால் அதற்கும் மேலே வேறு விலை. முத்துக்கரையின் பழைய கணக்கு மறுபடி எழுதப்படுவது போல இருக்கிறது.

முத்து அழிந்தால் நகைக்காரனுக்கு நஷ்டம். காந்தள் அழிந்தால் நோயாளிக்கு நஷ்டம் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மலையேறிக் கிழங்கைக் கண்டவனும், அதன் விஷத்தை அளந்தவனும், அதற்குத் தோன்றி என்று பெயரிட்டவனும், இன்று குனிந்து நின்று பூவைத் தொடுகிற பெண்ணும் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். லின்னேயஸ் ‘பெருமிதம்’ என்று சூட்டிய பெயரில் இவர்களுக்கும் ஒரு பங்கு சேர வேண்டும். அந்தப் பங்கு புகழாக வருவதைவிட விதையின் விலையாக வந்தால் இன்னும் நல்லது.