கார்பாக்சிசோம் உறைப் புரதங்கள்

கார்பாக்சிசோம் என்பது சில பாக்டீரியாக்களுக்குள் உள்ள, புரதத்தால் ஆன நுண்ணறை ஆகும். 1956இல் ட்ரூஸ், நிக்லோவிட்ஸ் ஆகியோர் நீலப்பச்சைப்பாசியில் இதனை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டனர். பலகோண வடிவம் வைரஸை ஒத்திருந்ததால், வைரஸோ என்ற ஐயம் எழுந்தது இயல்பே. 1973இல் ஷைவ்லி குழுவினர் இதைப் பிரித்தெடுத்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடை நிலைநிறுத்தும் ரூபிஸ்கோ நொதி இருப்பதைக் காட்டிப் பெயரும் இட்டனர்.

உறையின் அமைப்பு விளங்க மேலும் 32 ஆண்டுகள் ஆயின. 2005இல் கெர்ஃபெல்ட், யேட்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம், ஆறு புரத மூலக்கூறுகள் கூடிய அறுகோண அலகுகள் தளம் பாவியதுபோல் பொருந்துவதைக் கண்டனர். ஒவ்வொன்றின் நடுவிலும் நுண்துளை உண்டு. ஆனால் அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தட்டையான பரப்பே கிடைக்கும், மூடிய கூடு அமையாது. கால்பந்து தைப்பவர் அறிந்த கணக்குதான்: 12 ஐங்கோணத் துண்டுகளும் வேண்டும். 2008இல், மூலைகளை மூடும் ஐந்து மூலக்கூறு அலகுகளின் அமைப்பையும் அதே குழுவினர் வெளியிட்டனர்.