ஃபோர்டு ஐகானும் அமெரிக்க வேகச் செடானும்: வரலாறும் விவரிக்கும் முறையும்

ஃபோர்டு ஐகான், சென்னையை அடுத்த மறைமலைநகரில் 1999 முதல் 2011 வரை உருவாக்கப்பட்ட நான்கு கதவு செடான் வகைக் கார். அமெரிக்க நிறுவனமான ஃபோர்டு இந்தியச் சந்தையை மனத்தில் கொண்டு வடிவமைத்த முதல் கார் இது. விளம்பரங்களில் ‘ஜோஷ் மெஷின்’ என்று அழைக்கப்பட்டது. ஜோஷ் என்ற இந்திச் சொல்லுக்கு உற்சாகம், வேகம் என்று பொருள் கொள்ளலாம். இதனால் தமிழ்நாட்டில் பலர் ஐகானை ‘அமெரிக்க வேகக் கார்’ என்றே நினைவில் வைத்திருக்கின்றனர். இந்தப் பெயர் ஐகானுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதையும், உண்மையான அமெரிக்க வேகச் செடான்களை எந்த அளவுகளைக் கொண்டு விவரிக்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்கள்

ஒரு காலத்தில் தென்மாவட்டக் கிராமங்களில் கார் என்றாலே ‘பிளஷர்’ என்றுதான் சொல்வார்கள். சரக்கு ஏற்றும் லாரிக்கும் பயணிகளின் பேருந்துக்கும் மாறாக, வீட்டார் உல்லாசமாகப் போய்வரும் வண்டி என்ற பொருளில் வந்த ஆங்கிலச் சொல் அது. பின்னர் தனித்தமிழில் மகிழுந்து, சீருந்து ஆகிய சொற்கள் வந்தன. பேச்சில் கார் என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

செடான் என்பது காரின் உடலமைப்பைக் குறிக்கும் சொல். எஞ்சினுக்கு முன்பக்கம் ஒரு பெட்டி, ஆட்கள் அமர நடுவில் ஒரு பெட்டி, சாமான் வைக்கப் பின்னால் தனியாக ஒரு டிக்கி என மூன்று பகுதிகள் கொண்டது செடான். பொதுவாக நான்கு கதவுகள் இருக்கும். டிக்கியும் உட்புறமும் ஒன்றாகி, பின்கதவு கூரையிலிருந்து திறந்தால் அது ஹேட்ச்பேக். இரண்டு கதவுகளும் சரிந்த கூரையும் உள்ளது கூபே.

பெர்ஃபாமன்ஸ் செடான் அல்லது வேகச் செடான் என்பது, குடும்பக் காரின் உடலில் பந்தயக் காருக்கு நெருக்கமான எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பொருத்திய வண்டி. விளம்பர வாசகமோ கூடுதல் ஒட்டுப்படமோ ஒரு காரை இந்த வகையில் சேர்த்துவிடாது.

தமிழ்நாட்டில் ஃபோர்டு

இந்தியாவுடன் ஃபோர்டின் உறவு பழையது. 1926-இல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. இது அமெரிக்கத் தலைமையகத்தின் நேரடிக் கிளை அல்ல. பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வணிகத்தைக் கவனித்துவந்த கனடா ஃபோர்டு நிறுவனத்தின் துணை நிறுவனம். பாகங்களைப் பெட்டிகளில் இறக்குமதி செய்து இங்கே பூட்டுவதே அதன் வேலையாக இருந்தது. விடுதலைக்குப் பின், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. அதனால் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவில் இந்தியாவிலிருந்து விலகின.

பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் 1995-இல் மகிந்திரா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு திரும்பி வந்தது. 1996-இல் எஸ்கார்ட் என்ற கார் நாசிக்கில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1998-இல் கூட்டு நிறுவனத்தின் பெரும்பங்கு ஃபோர்டின் கைக்கு மாறியது. 1999-இல் மறைமலைநகர்த் தொழிற்சாலை செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஐகான் அறிமுகமானது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1998-இல், ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்விரு தொழிற்சாலைகளும் அவற்றைச் சுற்றி எழுந்த உதிரிபாகத் தொழிற்கூடங்களும் சென்னைக்கு ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்ற பெயரை வாங்கித் தந்தன. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, இகோஸ்போர்ட் என்ற பெயர்களில் கார்கள் உலகச் சந்தைக்குச் சென்றன.

ஐகான் ‘அமெரிக்க’ கார்தானா?

ஐகானின் அடித்தளம் ஐரோப்பாவில் விற்கப்பட்ட நான்காம் தலைமுறை ஃபியஸ்டா ஹேட்ச்பேக்கினுடையது. அதற்கு டிக்கி சேர்த்து, பின் இருக்கையில் இடத்தைக் கூட்டி செடானாக்கினார்கள். இதன் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ரோகாம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் தயாரிக்கப்பட்ட எஞ்சின் குடும்பம் இது. காரைப் பூட்டியவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். எனவே ‘அமெரிக்க நிறுவனத்தின், ஐரோப்பிய அடித்தளத்தில் அமைந்த, தமிழ்நாட்டில் உருவான செடான்’ என்பதே ஐகானுக்குச் சரியான விவரணை.

இந்தக் கலப்பு ஐகானுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க வேகச் செடானின் அடையாளமாகவே கருதப்படும் டாட்ஜ் சார்ஜர், 2006 மாடல் முதல் 2023 டிசம்பர் வரை கனடாவின் பிராம்ப்டன் நகரில் உருவாக்கப்பட்டது. நிறுவனம் எந்த நாட்டுடையது, வடிவமைப்பு எங்கே நடந்தது, உற்பத்தி எங்கே நடந்தது என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒன்றின் பதிலை மற்றொன்றுக்கு எழுதுவதே இத்துறைக் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிழை.

ஐகான் வேகச் செடான்தானா?

தொடக்கத்தில் ஐகான் 1.3 லிட்டர் பெட்ரோல், 1.6 லிட்டர் பெட்ரோல், 1.8 லிட்டர் டீசல் ஆகிய எஞ்சின்களுடன் வந்தது. ‘ஜோஷ்’ என்ற பெயருக்குக் காரணம் 1.6 லிட்டர் எஞ்சின். அதன் திறன் 92 பிஎஸ். டீசல் வண்டியின் திறன் ஏறத்தாழ 60 பிஎஸ் மட்டுமே. பெயரும் உடலும் ஒன்றானாலும் இரண்டின் ஓட்டமும் வேறு.

அன்றைய சந்தையிலும் ஐகான் 1.6 மிக அதிகத் திறன் கொண்ட கார் அல்ல. அதற்கு முன்பே விற்பனையில் இருந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சின் 100 குதிரைத்திறனைத் தந்தது. ஐகானுக்குப் பெயர் வாங்கித் தந்தவை வேறு இரண்டு. குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவை ஒன்று, வளைவுகளில் தடுமாறாத சஸ்பென்ஷன் மற்றொன்று. சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கும் ராஜபாளையத்துக்கும் செல்வது போன்ற சாலைகளில் ஓட்டுநருக்கு உச்ச வேகத்தால் பெரிய பயனில்லை. எதிரே வண்டி வருவதற்குள் முன்னால் போகும் லாரியைத் தாண்டிச் செல்லும் இழுவைதான் தேவை. மக்கள் இதைத்தான் ‘நல்ல பிக்கப்’ என்கிறார்கள். எனவே ஐகான் 1.6-ஐ ‘ஓட்டுவதற்கு உற்சாகமான குடும்பச் செடான்’ என்று சொல்லலாம். வேகச் செடான் என்ற வகையில் சேர்க்க இயலாது.

ஆண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2008-இல் ஐகான் என்ற பெயரிலேயே மாற்றியமைக்கப்பட்ட வண்டி வந்தது. அதில் 1.3 பெட்ரோல், 1.4 டீசல் எஞ்சின்களே இருந்தன. 1.6 இல்லை. ஆகவே ‘ஐகானின் திறன் 92 பிஎஸ்’ என்று பொதுவாக எழுதினால் அது 2008-க்குப் பிந்தைய வண்டிகளுக்குப் பொருந்தாது.

உண்மையான அமெரிக்க வேகச் செடான்கள்

1994 முதல் 1996 வரை விற்கப்பட்ட செவ்ரோலே இம்பாலா எஸ்எஸ், 5.7 லிட்டர் வி8 எஞ்சினில் 260 குதிரைத்திறன் கொண்டது. 2004 மாடல் கடிலாக் சிடிஎஸ்-வி 400 குதிரைத்திறனைத் தொட்டது. 2006 மாடல் டாட்ஜ் சார்ஜர் எஸ்ஆர்டி8, 6.1 லிட்டர் எஞ்சினில் 425 குதிரைத்திறன் தந்தது. 2015 மாடல் சார்ஜர் ஹெல்கேட், 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சினுடன் 707 குதிரைத்திறனை எட்டியது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியிலிருந்தே ஆற்றலை எடுத்து, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி அனுப்பும் கருவி. 2022 மாடலாக வந்த கடிலாக் சிடி5-வி பிளாக்விங், மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் உருவாக்கப்படுவது. அதுவும் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் கொண்டது. திறன் 668 குதிரைத்திறன். கையால் மாற்றும் 6 கியர் பெட்டியுடனும் கிடைத்தது அதன் சிறப்பு.

குதிரைத்திறனில் உள்ள குழப்பங்கள்

இந்த எண்களை ஒப்பிடும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, அலகு. ஆங்கில அளவில் ஒரு குதிரைத்திறன் 745.7 வாட். பிஎஸ் எனப்படும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன் அது. ஆகவே 92 பிஎஸ் என்பது ஆங்கில அளவில் ஏறத்தாழ 91. பிளாக்விங்கின் 668, மெட்ரிக் அளவில் 677 ஆகிவிடும். சிறு எண்களில் வேறுபாடு தெரியாது. பெரிய எண்களில் அலகை மாற்றி எழுதினால் இல்லாத திறன் வந்து சேரும்.

இரண்டாவது, அளக்கும் முறை. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் ‘மொத்தத் திறன்’ முறையைப் பெரிதும் பின்பற்றின. எஞ்சினைக் காரிலிருந்து தனியாக மேடையில் வைத்து, குளிர்விக்கும் விசிறி, மின்னாக்கி, காற்று வடிகட்டி, வழக்கமான சைலன்சர் ஆகியவற்றின் சுமை இல்லாமல் அளந்தார்கள். 1972 மாடல்கள் முதல், எல்லாத் துணைக்கருவிகளும் பொருத்திய நிலையில் அளக்கும் ‘நிகரத் திறன்’ முறை வழக்கமாயிற்று. கடிலாக் எல்டராடோவின் 8.2 லிட்டர் எஞ்சினுக்கு 1971-இல் 365 என்று விளம்பரம் செய்தார்கள். 1972-இல் அதே எஞ்சினுக்கு எழுதப்பட்ட எண் 235. இந்த இறக்கத்தில் பெரும்பகுதி அளவுமுறை மாறியதால் வந்தது.

1966 மாடல் டாட்ஜ் சார்ஜரின் புகழ்பெற்ற ஹெமி எஞ்சினுக்கும் 425 என்றே எழுதினார்கள்; 2006 சார்ஜர் எஸ்ஆர்டி8-க்கும் 425. எண் ஒன்றுதான். முதலாவது மொத்தத் திறன், இரண்டாவது நிகரத் திறன். மேலும் 1966 சார்ஜர் இரண்டு கதவு வண்டி, 2006 சார்ஜர் நான்கு கதவு செடான். ‘நாற்பது ஆண்டுகளில் சார்ஜரின் திறன் மாறவில்லை’ என்று எழுதினால் இரண்டு பிழைகள் ஒரே வரியில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, சந்தை. ஒரே பெயரில் விற்கப்படும் கார் நாட்டுக்கு நாடு மாறலாம். 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8 எஞ்சினின் திறன் 401 பிஎஸ். அமெரிக்காவில் அதே ஆண்டு மஸ்டாங் ஜிடிக்கு 435 குதிரைத்திறன். அமெரிக்கக் கையேட்டின் எண்ணை இந்திய வண்டிக்கு எழுதுவது தவறு. மஸ்டாங் இரண்டு கதவு கூபே என்பதால் அதைச் செடான் என்பதும் தவறு.

எடையும் திறனும்

குதிரைத்திறன் மட்டும் வேகத்தைச் சொல்லாது. அது எவ்வளவு எடையை இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐகானின் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். ஆகவே அதன் திறன் டன்னுக்கு ஏறத்தாழ 90. ஹெல்கேட்டின் எடை 2 டன்னுக்கு மேல், திறன் டன்னுக்கு ஏறத்தாழ 340. பிளாக்விங்கின் எடை 1.9 டன்னுக்குள், திறன் டன்னுக்கு 350-க்கும் மேல். மொத்தக் குதிரைத்திறனில் ஹெல்கேட் முந்துகிறது. எடையோடு சேர்த்துப் பார்த்தால் பிளாக்விங் முந்துகிறது.

சரியான விவரணை

மேற்கண்டவற்றிலிருந்து, ஒரு செடானைப் பற்றி எழுதுவோர் குறிப்பிட வேண்டியவற்றை இவ்வாறு தொகுக்கலாம்:

- நிறுவனம், மாடல் ஆண்டு, வகை
- உடலமைப்பு, கதவுகளின் எண்ணிக்கை
- வடிவமைப்பின் மூலம், உற்பத்தியான ஊர்
- எஞ்சினின் கொள்ளளவு, எரிபொருள், சூப்பர்சார்ஜர் அல்லது டர்போ உண்டா என்பது
- திறன், அதன் அலகு, மொத்தமா நிகரமா என்பது
- எடை
- எந்த நாட்டுச் சந்தைக்கான வண்டி என்பது

பழைய கார் வாங்குவோருக்கும் இது பயன்படும். ஆர்சி புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு, எரிபொருள், சிசி அளவு ஆகியவை உள்ளன. ஐகான் என்ற பெயரைக் கேட்டு 1.6 என்று நம்பிவிடாமல், அந்த மூன்றையும் பார்த்தால் வண்டி எது என்பது தெரிந்துவிடும்.

பிற்காலம்

ஐகானுக்குப் பின் 2005-இல் ஃபியஸ்டா செடானும், 2010-இல் ஃபிகோவும், 2013-இல் இகோஸ்போர்ட்டும் மறைமலைநகரில் உருவாயின. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. நாடு முழுவதும் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவர் என்று அப்போது கூறப்பட்டது. 2022 ஜூலையில் கடைசி இகோஸ்போர்ட் வெளிவந்ததோடு மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. அந்தத் தொழிற்சாலையை ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசிடம் ஃபோர்டு விருப்பக் கடிதம் அளித்தது.

ஐகான் வண்டிகள் இன்றும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஆங்காங்கே ஓடுகின்றன. பழுதுபார்ப்புக் கடைகளில் அவற்றின் பெயர் இப்போதும் ‘ஜோஷ் வண்டி’தான். அந்தப் பெயர் அக்கால இளைஞர்களின் ஆசையைச் சொல்கிறது. வண்டி உண்மையில் எத்தகையது என்பதை அறிய அதன் ஆண்டு, எஞ்சின், எடை, உருவான ஊர் ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.