சன்னலோரக் குப்பியும் பால்மரமும்



எங்கள் வகுப்பறைச் சன்னல் விளிம்பில் ஏழெட்டுக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஊறுகாயும் காப்பித்தூளும் தீர்ந்துபோன குப்பிகள். அடியில் கூழாங்கல், அதன்மேல் உடைத்த அடுப்புக்கரி, அதற்கும் மேலே ஈரமண். மண்ணில் பச்சைப்பயறும் கீரை விதையும் ஊன்றி, ஓரத்தில் சுவரிலிருந்து பெயர்த்த பாசியைப் பதித்திருக்கிறார்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள். காலை வெயில் படும்போது பார்க்க அத்தனை அழகு! மூடியை இறுக மூடச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, மூடி வைத்தால் செடி மூச்சுத் திணறிச் செத்துவிடாதா?"

இக்கேள்விக்கான விடை அறிவியல் நூலோடு நின்றுவிடுவதில்லை. அது நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றில் போய் முடிகிறது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

1829ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நத்தேனியல் பேக்‌ஷா வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்தார். செடிகள்மீது அவருக்குத் தீராத காதல். ஆனால் ஆலைப் புகை அவர் நட்ட பெரணிச் செடிகளையெல்லாம் கொன்றது. ஒருநாள், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்று எவ்வாறு பூச்சியாக மாறுகிறது என்று காண விரும்பி, அகன்ற வாயுடைய குப்பியில் ஈரமண் இட்டு, அதில் புழுவைப் புதைத்து மூடிவைத்தார். பூச்சி வெளிவரும் முன்பே மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின! வெளியே புகையில் மாண்ட செடி, மூடிய குப்பிக்குள் தானாகவே முளைத்திருந்தது.

வார்டு உற்று நோக்கினார். பகல் வெப்பத்தில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியில் துளிகளாகப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வழிந்தது. ஊற்றிய நீர் வீணாகவில்லை. வெளிப்புகையும் உள்ளே நுழையவில்லை. செடி மூச்சுவிட வெளியிடும் கரிவளியைப் பகலொளியில் உணவு சமைக்க அதுவே எடுத்துக்கொள்கிறது. குப்பிக்குள் ஒரு குட்டி உலகம்! சன்னலுக்கு வெளியே வைத்த அக்குப்பியில் அவ்விரு செடிகளும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் புகுந்த பின்னரே அவை மடிந்தன.

பின்னர் இங்கிலாந்தின் வசதி படைத்த இல்லங்களில் இத்தகைய கண்ணாடிப் பெட்டிகள் கூடத்துச் சன்னல்களை அழகு செய்தன. ஆயினும் வார்டின் கண்டுபிடிப்பு அலங்காரப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. அதற்கு முன்பு, மாதக்கணக்கான கடற்பயணத்தில் உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பற்றாக்குறையாலும் பெரும்பாலான செடிகள் மடிந்துவிடும். 1833இல் வார்டு இரண்டு பெட்டிகளில் செடிகளை வைத்துச் சிட்னிக்கு அனுப்பினார். அவை பசுமை மாறாமல் போய்ச் சேர்ந்தன. ஒரு நாட்டின் பயிரை இன்னொரு நாட்டில் வேரூன்றச் செய்யும் வல்லமை பேரரசுக்குக் கிடைத்துவிட்டது.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். ரப்பர் விதை விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே வந்தவுடன் அவற்றைக் கண்ணாடி வீடுகளில் விதைத்தனர். நூற்றுக்கு நான்கு விதைகளே முளைத்தன. அக்கன்றுகளில் 1,900க்கும் மேற்பட்டவை வார்டின் பெட்டிகளில் ஏறி இலங்கைக்குச் சென்றன. அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றுள் சில கோலாகங்சாரிலும் நடப்பட்டன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் முதல் வணிகத் தோட்டத்தைத் தொடங்கினார்.

பிறகு நடந்தது நம் கதை. மரம் இருந்தது, பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்றனர். செடி கடல் கடந்தபோது அதற்குக் கண்ணாடிக் கூரை இருந்தது. உப்புக்காற்று படாமல் காத்தனர். அச்செடியை வளர்க்க வந்த நம் பாட்டன் பாட்டிமாரோ கப்பலின் மேல்தளத்தில் வெயிலும் மழையும் தாங்கி வந்தனர். விக்காமின் பெயரும் ரிட்லியின் பெயரும் நூல்களில் உள்ளன. விடியுமுன் எழுந்து, மங்குகளைச் சுமந்து, பால் வெட்டியவர்களின் பெயர்கள் எந்த நூலில் உள்ளன?

ஆயினும் அவர்கள் மண்ணில் வேர் பிடித்தனர். லயங்களுக்கு நடுவே கோயில் எழுப்பினர். பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டனர். தோட்டத்தில் பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிருவாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி முளைத்தவையே.

மாணவியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "மூச்சுத் திணறாது அம்மா. நாளைக் காலையில் கண்ணாடியைப் பார்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் குப்பியின் உட்புறமெங்கும் முத்து முத்தாக நீர்த்துளிகள். அடுத்த வாரம் அவள் தன் தாத்தா கொடுத்ததாக ஒரு ரப்பர் கொட்டையைக் கொண்டுவந்தாள். ஈரமணல் நிரப்பிய குப்பியில் அதைப் புதைத்தோம்.

நீங்களும் செய்து பாருங்கள். உச்சி வெயில் படாத சன்னலே போதும். நாள் முழுதும் கண்ணாடி பனித்திருந்தால் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள். சற்றே மூடியைத் திறந்து வையுங்கள். பச்சைப்பயறு விரைவில் மூடியை முட்டும். அப்போது தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் காரணம் கேட்டால் வார்டின் பெயரைச் சொல்லுங்கள். அதன்பின், பால்மரக் காட்டில் உழைத்த உங்கள் பாட்டன் பாட்டி பெயரையும் மறவாமல் சொல்லுங்கள்.